உத்தரமேரூர்ச் சபையும் ஊர்க்கணக்கும்

தொண்டை நாட்டின்கண், காஞ்சி மாநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் அமைந்த பழம்பதி உத்தரமேரூர். கோயிலை நடுவாகவும் ஏரியை உயிராகவும் கொண்ட ஒரு கிராமம் தன் காரியங்களைத் தானே எவ்வாறு நடத்திக்கொண்டது என்பதற்கு இவ்வூரைப்போல விரிந்த சான்று தருவது பிறிதொன்று காண்டல் அரிது. மேடையேறிப் பேசுவோர் பலர் இவ்வூரின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றனர்; சாசனம் கூறுவது யாது என்று நோக்குவோர் சிலரே. ஆதலின் அதனைச் சற்று நெருங்கி ஆராய்வோம்.

ஊரும் ஏரியும்

கி. பி. 8-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், வேதம் வல்ல அந்தணர் வாழும் பிரமதேயமாக இவ்வூர் நமக்குத் தெரியவருகின்றது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது சாசனங்கள் வழங்கும் பெயர். மூன்று நிலைகளையுடைய சுந்தரவரதப் பெருமாள் கோயில் ஊருக்கு அணியாய் விளங்குகின்றது. வைகுந்தப் பெருமாள் கோயிலோ, நாம் ஆராயப் புகுந்த சாசனங்களைத் தன் சுவர்களில் தாங்கி நிற்பது.

தொண்டை நாட்டு உழவர்க்குக் காவிரி போன்ற பேராறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையைக் கரைகோலித் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விட்டாலன்றி நெல் விளையாது. ஏரியோ ஆண்டுதோறும் வண்டல் மண்டித் தூர்வது, கரை கரைவது, கலங்கல் உடைவது. ஒருவன் தனியே நின்று ஏரியைக் காத்தல் இயலாது. ஒருவன் காவாது விடின் அனைவரும் கெடுவர். இவ்வூர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். ஊராட்சி என்பது இங்கே வெறும் பெருமைக்காக எழுந்ததன்று; தண்ணீரின் பொருட்டு எழுந்த தேவை எனலாம்.

இரண்டு சாசனங்கள்

முதற் பராந்தக சோழனது 12-ஆம் ஆட்சியாண்டில் (கி. பி. 919) ஒன்றும், 14-ஆம் ஆண்டில் (கி. பி. 921) மற்றொன்றுமாக இரண்டு தீர்மானங்கள் கல்லில் வெட்டப்பட்டன. அரசன் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, சபையார் கூடிச் செய்த ஏற்பாடு இது. முதற் சாசனம் வாரியத்துக்கு வருவோரின் வயதை 30-க்கு மேல் 60-க்கு உட்பட என வகுத்தது. இரண்டாவது அதனை 35-க்கு மேல் 70-க்கு உட்பட என மாற்றியது. ஒரு முறை எழுதிய விதியை ஈராண்டுக்குள் மீண்டும் எடுத்துத் திருத்திய இச்செய்கை நம் கருத்தைக் கவர்வதாகும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. வாரியத்துக்குரியோன் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையவனாய், தன் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாய், வேதக் கல்வியும் நல்லொழுக்கமும் உடையவனாய் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் மறுபடியும் வரலாகாது.

தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடும்பு தோறும் தனித்தனியே கட்டிக் குடத்தில் இடுவர். இளைஞரும் முதியோருமாகச் சபை முழுதும் கூடியிருக்க, முதியார் ஒருவர் குடத்தை யாவரும் காண எடுத்து நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, ஓரோலையை வாங்குவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசிப்பர். விரல் மடங்கினால் ஓலை மாறக்கூடும் என்று அஞ்சிய அக்காலத்தாரின் நுண்ணறிவு வியக்கத்தக்கதன்றோ?

இவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் ஆவர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அறுவர் அறுவராக வேறே குடவோலை எடுக்கப்பட்டது. 360 நாள் பணி செய்து யாவரும் விலகுவர். இடையே குற்றம் காணப்பட்டவன் அப்பொழுதே நீக்கப்படுவான்.

கணக்குக் காட்டாதார்

இவ்விதிகளுள் தலையாயது எது என்று நம்மைக் கேட்பின், கணக்கைப் பற்றியதே என்போம். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துள் புகாது. அவனுடைய பெயர் மட்டுமோ? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், தாயுடன் பிறந்தாள் மக்கள் என உறவினர் பெயர்களும் புகா. உறவினர் வாயிலாகப் பழைய கை மீண்டும் ஊர்ப்பொருளைத் தொடாதவாறு இட்ட வேலி இது.

இம்முறையை இக்காலத்துத் தேர்தல் என்பது பொருந்தாது. இங்கே வாக்களித்தல் இல்லை; திருவுளச் சீட்டே உண்டு. பழைய ஆதென்ஸ் நகரத்து ஐந்நூற்றுவர் அவையினரும் இவ்வாறே சீட்டினால் எடுக்கப்பட்டு ஓராண்டு பணி செய்து கணக்கு ஒப்புவித்தனர். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சிற்றூர்களிலும், பங்குக் கோயிலைச் சூழ வாழும் மக்கள், வராயோக் எனப்படும் கோலேந்திய ஊர்த்தலைவரை ஆண்டுக்கொருமுறை மாற்றும் வழக்கம் உண்டு. பதவி எவர்க்கும் நிலையான உடைமை ஆகலாகாது என்னும் எண்ணம் உலகின் பல மூலைகளில் தனித்தனியே முளைத்ததாகும்.

புகழ்ச்சியோடு நில்லாது மற்றொன்றும் கூறுதல் கடன். குடத்துள் இடப்பட்டவை நிலமுடைய அந்தண ஆடவர் பெயர்களே. அவ்வயலை உழுதார், அவ்வேரியின் மண்ணைச் சுமந்தார், நாற்று நட்ட பெண்டிர் ஆகியோர் பெயர் எழுதிய ஓலை ஒன்றும் அங்கில்லை. ஆதென்ஸ் நகரத்தும் பெண்டிர்க்கும் அடிமைகட்கும் இடமில்லை. 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கிராம ஊராட்சிகளில் பெண்டிர்க்கும் பட்டியல் சாதியார்க்கும் பழங்குடியினர்க்கும் இடம் ஒதுக்கியது. குடத்தின் வாய் அகன்றது எனலாம்.

ஆயின், குடத்தை அகலமாக்கிய நாம் கணக்கை இறுக்கமாக்கினோமா? இக்கேள்வியை மாணவ நண்பர்கள் தம்முள் கேட்டுக்கொள்வாராக. விடுதி உணவுக் குழுவாயினும், இலக்கியக் கழகமாயினும், தம் ஊர்க் கிராம சபையாயினும், பொதுப்பணம் ஒரு ரூபாய் கைக்கு வருமிடத்து உத்தரமேரூர் விதி நமக்கும் உரியதே. ஆண்டு முடிவில் கணக்கை அவையின் முன் வைத்து, அடுத்தவனுக்கு வழிவிட்டு விலகுக. முன்னோர் கல்லில் வெட்டியதை நாம் கையில் கைக்கொள்ளுவோமாயின், அதுவே அவர்க்கு நாம் செய்யும் மெய்யான மரியாதையாகும்.