ஓடுகிற மெஷினின் டிஸ்க்கில் கை வைக்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய ஷெல் ஸ்கிரிப்டை முழுக்கப் படித்துவிட்டேன். உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவசரக்காரர் என்பது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. எல்லாம் ரூட்டில் ஓடுகிறது. வாடிக்கையாளர்களின் விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்குகளை ஹோஸ்டிலேயே லூப் மவுண்ட் செய்கிறார், உள்ளே புகுந்து ஃபைலை மாற்றுகிறார், வெளியே வருகிறார். "இதைப் பைத்தானுக்கு மாற்றிவிடலாமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாய். எந்த மொழியில் எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை. அந்த டிஸ்க்கை எந்தக் கெர்னல் திறக்கிறது என்று முதலில் பார்.

லூப் மவுண்ட் செய்தால் உன் ஹோஸ்டின் கெர்னல்தான் திறக்கிறது. அந்த டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று தீர்மானித்தது நீ அல்ல. யாரோ ஒரு வாடிக்கையாளர், அல்லது அவருடைய மெஷினுக்குள் புகுந்துவிட்ட யாரோ ஒருவன். வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஃபைல் சிஸ்டம் ஒன்று கெர்னலையே கவிழ்த்துவிடும். அதுகூட அபூர்வம் என்று சொல்லித் தப்பிக்கலாம். சிம்லிங்க் விஷயத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. கெஸ்டின் ஈடிசி ஃபோல்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கவேண்டிய இடத்தில், வேரிலிருந்து முழுப் பாதை கொடுத்த ஒரு சிம்லிங்க் இருந்தால், ஹோஸ்ட் அந்தப் பாதையைத் தன்னுடைய வேரிலிருந்துதான் தேடும். வாடிக்கையாளரின் ஃபைலை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன் ஸ்கிரிப்ட் உன் ஹோஸ்டின் பாஸ்வேர்டு ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். அதுவும் ரூட் அதிகாரத்தோடு.

இதற்காகத்தான் லிப்கெஸ்ட்எஃப்எஸ் இருக்கிறது. ரெட் ஹாட்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் 2009-இல் தொடங்கிய லைப்ரரி. முன்பின் தெரியாதவர் கொண்டுவந்த மூட்டையைக் கூடத்துக்குள் எடுத்துவராமல் திண்ணையில் வைத்தே பிரித்துப் பார்ப்பார்களே, அந்த வேலையை அது செய்கிறது. நீ லாஞ்ச் என்று சொன்னதும் க்யூஎமுவில் ஒரு குட்டி லினக்ஸ் மெஷின் பூட் ஆகிறது. அதற்கு அப்ளையன்ஸ் என்று பெயர். டிஸ்க்கை மவுண்ட் செய்வது அதனுடைய கெர்னல்தான், உன்னுடையது அல்ல. உள்ளே ஒரு டீமன் உட்கார்ந்திருக்கிறது. உன் பைத்தான் அதனிடம் "இந்த ஃபைலைப் படி, அந்த ஃபைலை எழுது" என்று கேட்டு வாங்குகிறது. கெட்ட டிஸ்க் எதையாவது கவிழ்த்தால் கவிழ்வது அந்தக் குட்டி மெஷின். சிம்லிங்க் எங்கே கை நீட்டினாலும் கெஸ்டின் வேரைத் தாண்டாது. ரூட்டும் தேவையில்லை; இமேஜ் ஃபைலைப் படிக்க, மாற்றுவதானால் எழுதவும், உனக்கு அனுமதி இருந்தால் போதும்.

சில விநாடிகள் கூடுதலாக ஆகும் என்பது உண்மை. கேவிஎம் இல்லாத இடத்தில், உதாரணமாகச் சில சமயம் கிளவுடில் வாங்கிய மெஷினுக்குள் இன்னொரு மெஷின் ஓட்டுகிற இடத்தில், நன்றாகவே நேரம் எடுக்கும். அதற்காக எல்லா டிஸ்க்குகளையும் ஒரே ஹேண்டிலில் சேர்த்து ஒரே தடவை லாஞ்ச் செய்யலாமா என்று தோன்றும். ஒரே வாடிக்கையாளரின் டிஸ்க்குகள் என்றால் செய். இரண்டு வாடிக்கையாளர்களுடையதை ஒரே அப்ளையன்ஸில் சேர்க்காதே. ஒருவருடைய டிஸ்க் அந்தக் குட்டிக் கெர்னலைப் பிடித்துக்கொண்டால் பக்கத்து டிஸ்க்கும் அதன் கையில்தான்.

இனி, தலைப்பில் போட்ட விஷயம். பழைய ஸ்கிரிப்டில் மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கும் வரி ஒன்றுகூட இல்லை. ஓடுகிற மெஷினின் கெர்னல், தன் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. எந்த பிளாக் காலி, எது யாருக்கு என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. நீ வெளியிலிருந்து அதே டிஸ்க்கில் எழுதினால் அதற்குத் தெரியாது. நீ எடுத்த பிளாக்கையே அதுவும் எடுக்கும். அது எழுதியதை நீ அழிப்பாய், நீ எழுதியதை அது அழிக்கும். அன்றைக்கே தெரிந்தால் பரவாயில்லை, தெரியாது. அடுத்த தடவை ரீபூட் ஆகும்போது, டேட்டாபேஸ் ஃபைல் பாதியில் வேறு எதுவோ இருக்கும்போதுதான் தெரியும். க்யூஎமு 2.10 வெளியான 2017-இலிருந்து இமேஜைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதை நம்பி உட்காராதே. முரண்டு பிடித்தால் அந்தப் பூட்டைத் தள்ளிவிடவும் வழி இருக்கிறது, அவசரக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வெர்ட்டிடம் மெஷினின் நிலையைக் கேட்டு, நின்றிருக்கிறது என்று பதில் வந்த பிறகுதான் எழுதும் வரிக்கே ஸ்கிரிப்ட் போகவேண்டும்.

படிப்பது மட்டும்தான் வேலை என்றால் ரீட்ஒன்லி என்று சொல்லி டிஸ்க்கைச் சேர். அப்போது லைப்ரரி அசல் இமேஜின் மேல் ஒரு தற்காலிக ஓவர்லேயை விரித்துக்கொள்ளும். தவறி எழுதினாலும் அதில்தான் விழும், கடைசியில் குப்பைக்குப் போகும். ஓடுகிற மெஷினையும் இப்படித் திறந்து பார்க்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் பார்ப்பது அரைகுறையாக இருக்கலாம். நேற்றைய லாக்கைப் பார்க்கவோ எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கவோ போதும்.

டிஸ்க்கைச் சேர்க்கும்போது ஃபார்மேட் என்ன என்று எழுதிவிடு. உன் முன்னோடி இதை எங்குமே எழுதவில்லை, எழுதாமலே ஓடுகிறது என்பதால். எழுதாவிட்டால் க்யூஎமு இமேஜின் முதல் சில பைட்டுகளைப் பார்த்துத் தானே ஊகிக்கும். ரா இமேஜில் அந்த முதல் பைட்டுகள் கெஸ்டின் கையில் இருக்கின்றன. கெஸ்டில் இருக்கும் வில்லன் தன் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு க்யூகவ்2 தலைப்பை எழுதி, "என் பேக்கிங் ஃபைல் ஹோஸ்டில் இருக்கும் இன்னது" என்று சொல்லிவைத்தால், ஊகிக்கும் நிரல் அதை நம்பி ஹோஸ்டின் ஃபைலையே டிஸ்க்காகக் காட்டிவிடும். ரா என்றால் ரா, க்யூகவ்2 என்றால் க்யூகவ்2. உன் பதிவேட்டில் இருப்பதை நீயே சொல், டிஸ்க்கிடம் கேட்காதே.

டிஸ்க் உன்னிடம் சொல்லும் மற்றவற்றுக்கும் இதே கதிதான். இன்ஸ்பெக்‌ஷன் செய்தால் உள்ளே உபுண்டுவா விண்டோஸா, ஹோஸ்ட்நேம் என்ன என்று அழகாக வரும். அவையெல்லாம் கெஸ்டுக்குள் யாரோ எழுதி வைத்த எழுத்துகள். அந்த ஹோஸ்ட்நேமை எடுத்து அப்படியே ஒரு ஷெல் கட்டளைக்குள் சொருகியிருக்கிறார் பார், நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில். அதை முதலில் எடு. ஒரு ஃபைலை நினைவகத்துக்கு இழுக்கும் முன் அதன் அளவையும் கேட்டுக்கொள். பாஸ்வேர்டு ஃபைல் என்ற பெயரில் பல ஜிபி இருக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மவுண்ட் பாயிண்டுகள் வரும் வரிசையிலேயே மவுண்ட் செய்யாதே. பெயரின் நீளப்படி அடுக்கு. வேர் முதலில், பூட் அடுத்து, அதற்குள் இருக்கும் இஎஃப்ஐ அதற்கும் அடுத்து. எழுதி முடித்ததும் நேராக குளோஸ் போடுவது பலருக்கும் பழக்கம். குளோஸ் பிழையைச் சொல்லாது. ஷட்டவுன் சொல்லும். ஷட்டவுனைக் கூப்பிட்டு, பிழை வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு மூடு. டிஸ்க் நிறைந்துபோய்க் கடைசி எழுத்து விழாமல் போனது உனக்குத் தெரியவேண்டிய நேரம் அதுதான்.

ஒரே மாஸ்டர் இமேஜிலிருந்து பல மெஷின்கள் செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாய். மாஸ்டரைப் பேக்கிங் ஃபைலாக வைத்து மேலே ஓவர்லே போடு. இடம் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் ஓவர்லே ஒன்று பிறந்துவிட்டால் மாஸ்டர் உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். அப்டேட் போடுகிறேன் என்று அதைத் திறந்து எழுதினால் மேலே இருக்கும் அத்தனை மெஷின்களும் கெடும். ஸ்கிரிப்டை நம்பாமல் ஃபைலின் எழுதும் அனுமதியையே எடுத்துவிடு. புதிய மாஸ்டர் வேண்டுமென்றால் புதிய பெயரில் செய்துகொள்.

மாஸ்டராக்கும் முன் வெர்ட்-சிஸ்ப்ரெப் என்ற கருவியை ஓட்டு. எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள், லாக், பழைய கட்டளை வரலாறு எல்லாவற்றையும் கழுவிவிடும். மெஷின்-ஐடியும் காலியாகும். ஒரே மெஷின்-ஐடியோடு பல மெஷின்கள் எழுந்தால், சிஸ்டம்டி வழியாக நெட்வொர்க் எடுக்கும் உபுண்டு மெஷின்கள் டிஹெச்சிபியிடம் ஒரே அடையாளத்தைக் காட்டும்; சர்வர் எல்லாருக்கும் ஒரே ஐபியைக் கொடுக்கும். ஆட்கள் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், ஸ்விட்சைத் திட்டுவார்கள். ரெட் ஹாட் குடும்பத்து மெஷின்களில் வெளியிலிருந்து ஃபைல் எழுதினால் எஸ்இலினக்ஸ் லேபிள் போய்விடும். வெர்ட்-கஸ்டமைஸ் கருவியின் பழைய பதிப்புகளில் ரீலேபிள் ஆப்ஷனைச் சேர்க்காவிட்டால் லாகின்கூட ஆகாமல் நிற்கும்.

விண்டோஸ் மெஷின்களைக் கடைசியில் தொடு. ஹைபர்னேட் ஆகியோ ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பிலோ நின்ற விண்டோஸ் நின்றதாகத் தெரியும், ஆனால் முழுதாக நிற்கவில்லை. அதன் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுவதும் ஓடுகிற மெஷினில் எழுதுவதும் ஒன்றுதான்.

உங்கள் ஹோஸ்ட் உபுண்டு என்பதால் முதல் நாளே ஒரு முட்டுக்கட்டை வரும். அங்கே பூட் ஃபோல்டரில் இருக்கும் கெர்னல் ஃபைலை ரூட்டைத் தவிர யாரும் படிக்கமுடியாது. லைப்ரரிக்கு அப்ளையன்ஸ் கட்ட அந்தக் கெர்னல் வேண்டும். சாதாரண யூசரில் லாஞ்ச் தோற்கும். உடனே எல்லாரும் சூடோ போடுவார்கள், பழைய ஸ்கிரிப்டின் வியாதி திரும்பிவிடும். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடு. கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் புது ஃபைல் வரும் என்பதால் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவை. லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டெஸ்ட்-டூல் என்று ஒன்று கூடவே வரும். அதை ஓட்டிப் பார். தோற்றால் அது கக்குவது அத்தனையையும் எனக்கு அனுப்பு. கடைசி வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் ஸ்கிரிப்ட் எதையும் எழுதவேண்டாம். எல்லா மெஷினையும் ரீட்ஒன்லியில் திறந்து, எது என்ன ஓஎஸ், எதில் எவ்வளவு இடம் மிச்சம், எந்த இரண்டுக்கு ஒரே மெஷின்-ஐடி என்று ஒரு பட்டியல் மட்டும் தரட்டும். அதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். அண்ணனை பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அன்புடன்,
அத்தை