ரஷ்ய 'ஹதீத்' பிறந்த கதை

அன்புள்ள இளவரசி,

மருத்துவம் படிக்கப் போன இடத்தில் ரஷ்ய வினைச்சொற்கள் உயிரை வாங்குவதாக எழுதியிருந்தாய். போவதற்கு 'இத்தி', போனான் என்றால் 'ஷோல்', வழக்கமாகப் போய்வந்தால் 'ஹதீத்'. இவற்றுக்குள் என்னதான் உறவு என்று கேட்டாய். 'இத்தி' வேறு குடும்பம். வடமொழி 'ஏதி'க்கு உடன்பிறப்பு. மற்ற இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ரஷ்யம், போலிஷ், செக் எல்லாம் கிளைத்த ஸ்லாவியத் தாய்மொழியை யாரும் எழுதிவைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்கிறார்கள். அப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுவது வழக்கம். 'ஹதீத்'தின் மூதாதையான *ஹோதிதி அப்படி மீண்ட சொல். வேர் 'ஸெத்'. வழி எனப் பொருள்படும் கிரேக்க 'ஹொதோஸ்' இதன் உறவு; உன் ஸ்கூட்டியின் ஓடோமீட்டரில் ஒளிந்திருப்பதும் அதுவே.

கிரேக்கத்தில் சொல்முதல் 'ஸ்' தேய்ந்து 'ஹ்' ஆவது சகஜம். ஸ்லாவியத்தில் ஆகாது. உட்காருவதற்கு இன்றும் 'ஸெஸ்த்' என்றுதானே சொல்கிறாய்? அப்புறம் இங்கே மட்டும் 'ஹ்' எப்படி வந்தது?

விடைக்கு வடமொழியின் பிரசாதம், விஷாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டிலும் வேர் 'ஸத்'தான். 'ப்ர' அகரத்தில் முடிவதால் 'ஸ்' தப்பியது. 'வி'யின் இகரம் அதை 'ஷ்' ஆக்கிவிட்டது. இ, உ, ர், க் ஆகியவற்றை அடுத்த 'ஸ்' திரியும் என்பது விதி. ஸ்லாவியத்தில் அது 'ஹ்' ஆனதை டென்மார்க் அறிஞர் ஹோல்கர் பெடர்சன் 1895-இல் விளக்கினார்.

உன் பாடப்புத்தகத்தில் ப்ரி-, ஊ-, பெரெ- சேர்ந்த வினைகள் இருக்கும்: வருதல், கிளம்பிப் போதல், கடந்து போதல். பழைய வடிவில் மூன்றாவது 'பெர்'. ஆக இ, உ, ர் மூன்றும் ஆஜர்! அங்கே முறைப்படி பிறந்த 'ஹ்', முன்னொட்டைக் கழற்றிய பிறகும் ஒட்டிக்கொண்டது. கேட்டுப் பழகிய காது அதையே வேரென்று எடுத்துக்கொண்டது. பெரும்பாலோர் ஏற்கும் இந்த விளக்கம் எனக்கும் சரியென்றே படுகிறது. உட்காரும் 'ஸெத்'தும் போகும் 'ஸெத்'தும் ஒன்றா இரண்டா என்பதில்தான் சண்டை ஓயவில்லை.

'ஷோல்' இதற்குப் பிந்தியது. இகரச் சாயலுள்ள குற்றுயிருக்கு முன் 'ஹ்' மென்மையாகி 'ஷ்' ஆனது. *ஷித்ல் போன்ற வடிவம் கிடைத்தது. ரஷ்யம் நடுவிலிருந்த 'த்'தை விழுங்கிவிட்டது. போலிஷ் வகுப்புத் தோழி இருந்தால் 'போனான்' சொல்லச் சொல்லிக் கேள்: 'ஷெத்வ்'. அந்தத் 'த்' அங்கே இன்னும் இருக்கிறது.

வண்டியில் போகும் 'யேஹத்' நம் யாத்திரைக்கு உறவு. அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
பெரியப்பா