மண் படமும் வயல் மண்ணும்

ஒரு ஜில்லாவின் மண் வகைகளைப் படத்திற் காட்டுங்கால் உள்ளவை அனைத்தையும் வரைதல் இயலாது. 1:50,000 அளவுள்ள படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டராகும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஏறக்குறைய 62 சென்டு. ஆகையால் அரை ஏக்கர் களர்த்திட்டு ஒன்று அப்படத்தில் இடம் பெறாது. சுற்றியுள்ள மண்ணின் நிறத்தையே அதுவும் பெறும். இது பிழையன்று. சிறியவற்றை நீக்கி, ஒத்தவற்றைச் சேர்த்தாலன்றிப் படம் விளங்காது.

எனினும், சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. தஞ்சை ஜில்லா முழுவதற்கும் வண்டல் என ஒரே நிறம் தீட்டினால், காவிரியின் பழைய பாசனப் பகுதியிலுள்ள களிப்பாங்கான வண்டலும், 1934-ல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயினால் பாசனம் பெறும் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் மணற்பாங்கும் ஒன்றாகிவிடும். முன்னதில் நீர் தங்கும். பின்னதில் விரைந்து இறங்கும். அவ்வொரு நிறத்தைக் கொண்டு நீரையும் உரத்தையும் வகுப்பது நஷ்டத்திற்கே இடமாகும்.

ஆதலின் படம் பார்ப்போர் முதலில் அதன் அளவையும், எவ்வெவ்வகை மண் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது என்னும் குறிப்பையும் நோக்குதல் வேண்டும். ஒரு பகுதியின் பயிர்த்திட்டத்திற்குப் படம் துணையாகும். ஒரு வயலுக்கு ஜிப்சம் இடுமுன் அவ்வயலின் மண்ணையே பரிசோதித்தல் அவசியம். கிராம அதிகாரிகள் புல எண்வாரியான கணக்கைச் சுருக்காது காத்தல் நலம். சுருக்கிய படத்திலிருந்து மூலக்கணக்கை மீண்டும் பெற இயலாது.