ஓராண்டுக்கு ஒரு வீட்டு மகள்

முன்னுரை

கடந்த மார்ச்சு மாதம் ஒரு சனிக்கிழமை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் ஆயாவுக்குச் சோறு எடுத்துச் சென்றிருந்தேன். அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக ஒரு கார் வந்து நின்றது. சென்னையைச் சேர்ந்த ஓர் ஐயாவும் அம்மாவும் இறங்கினர். அவர்களோடு என் வயதை ஒத்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் இறங்கினாள். அவள் பிரேசில் நாட்டவள் என்றும், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு தங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றும் அந்த அம்மா கூறினார். அந்தப் பெண் அவரை "அம்மா" என்றே அழைத்தாள்.

அவள் என்னைப் பார்த்து, "உப்பு எப்படி வருது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். பிறந்த நாள் முதல் உப்புக் குவியல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆயினும், "கடல் தண்ணி காயும், உப்பு வரும்" என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. எங்கள் ஆயாதான், "வா கண்ணு, வழுக்கும், பாத்து வா" என்று அவள் கையைப் பிடித்து வரப்பின்மேல் அழைத்துச் சென்று ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினார். பள்ளிக்கூடம் சென்றறியாத ஆயா ஆசிரியையாக நின்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் நான் வேடிக்கை பார்த்து நின்றேன்.

அன்று எழுந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். அந்தப் பெண் எப்படி இவ்வளவு தொலைவு வந்தாள்? நம்மைப் போன்றவர்களும் அப்படிச் செல்ல இயலுமா? செல்வதற்கு என்ன வேண்டும்? ஆசிரியைகளிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

போர்க்களத்தில் தோன்றிய எண்ணம்

இத்தகைய திட்டங்களுள் புகழ்பெற்ற ஒன்று போர்க்களத்தில் வேர்விட்டது என்பது வியப்புக்குரியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டில் பியாட் ஆண்ட்ரூ என்ற அமெரிக்கர் பிரான்சு நாட்டில் 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்னும் தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். காயமுற்ற வீரர்களை ஆம்புலன்சு வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே அத்தொண்டர்களின் பணி. இரண்டாம் உலகப் போரிலும் இவர்கள் இதே பணியைச் செய்தனர்.

போர் ஓய்ந்தது. சிதைந்த உடல்களைத் தங்கள் கைகளால் தூக்கிய அந்த ஓட்டுநர்கள், 'காயம்பட்டபின் தூக்குவது மட்டும் போதுமா? காயம் படாமலே தடுக்க வழியில்லையா?' என்று சிந்தித்தனர். ஒருவரையொருவர் அறிந்த மக்கள் எளிதில் பகைவர் ஆகமாட்டார்கள். எனவே இளம் வயதிலேயே அறிமுகம் செய்து வைப்போம் என்று முடிவு செய்தனர். ஸ்டீபன் கலாட்டி என்பவரின் தலைமையில் 1947-ஆம் ஆண்டு 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா சென்று அங்குள்ள குடும்பங்களில் தங்கிப் படித்தனர். அந்த அமைப்பே இன்று ஏ.எஃப்.எஸ். என்ற பெயரில் பல நாடுகளில் மாணவர் பரிமாற்றத்தை நடத்துகிறது.

ரோட்டரி சங்கமும் நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வருகிறது. 15 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் ஓராண்டு வேறு நாட்டில் தங்கிப் படிக்க இச்சங்கம் ஏற்பாடு செய்கிறது. மாணவர் பலர் ஒரே வீட்டில் தங்காமல், ஓராண்டில் இரண்டு மூன்று வீடுகளில் மாறி மாறித் தங்குவர். அவர்கள் அணியும் கோட்டில் பல நாட்டுத் தோழர்கள் தந்த சின்னஞ்சிறு பின்கள் நிறைந்திருக்கும். உப்பளத்துக்கு வந்த பெண்ணின் பையிலும் அத்தகைய பின்கள் குத்தியிருந்தன.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பின் மற்றொரு திட்டம் பிறந்தது. இசுலாமிய மக்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் இளைஞருக்கும் அமெரிக்க மக்களுக்கும் இடையே நட்பு வளரவேண்டும் என்று எட்வர்டு கென்னடி, ரிச்சர்டு லூகர் என்னும் இரு செனட் உறுப்பினர்கள் முயன்றனர். அதன் பயனாக 2002-இல் கென்னடி-லூகர் இளைஞர் பரிமாற்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. இந்திய மாணவர்களும் இத்திட்டத்தில் சென்று வந்துள்ளனர். 2009 முதல் அமெரிக்க மாணவர்கள் பிற நாடுகளுக்குச் செல்லவும் இதே வகையில் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. போரும் பகையும் மூளும் போதெல்லாம் சிலர் பிள்ளைகளையே தூதர்களாக அனுப்ப எண்ணியுள்ளனர்!

யார் செல்லலாம்? செலவு எவ்வளவு?

'பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே இதெல்லாம்' என்று நானும் நினைத்தேன். அது பாதி உண்மை.

ரோட்டரித் திட்டத்தில் உணவும் உறைவிடமும் வரவேற்கும் குடும்பத்தார் அளிப்பர். விமானக் கட்டணம், காப்பீடு, பாஸ்போர்ட், விசா, கைச்செலவு ஆகியவற்றைப் பெற்றோர் ஏற்கவேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. கென்னடி-லூகர் திட்டத்திலோ பயணமும் தங்குமிடமும் காப்பீடும் உதவித்தொகையிலேயே அடங்கிவிடும். ஆனால் போட்டி மிகுதி. விண்ணப்பம், தேர்வு, நேர்காணல் எனப் பல படிகளைக் கடக்க வேண்டும். எனவே பணம் இல்லாதவருக்குக் கதவு அடைபட்டிருக்கவில்லை. ஆனால் அது குறுகலான கதவு.

அமெரிக்காவின் விதிப்படி, அங்கே பரிமாற்ற மாணவராகச் செல்பவர் 15 வயது நிரம்பியவராகவும் பதினெட்டரை வயதைத் தாண்டாதவராகவும் இருக்கவேண்டும். தோழியரே, அது நம் வயது!

பெற்றோரின் அச்சம்

இதைப் படிக்கும் பெற்றோர்க்கு முதலில் தோன்றுவது பாதுகாப்பைப் பற்றிய அச்சமே. அது நியாயமானது. அமெரிக்க விதிகள் இதைக் கருத்திற்கொண்டே அமைந்துள்ளன. மாணவரை ஏற்கும் குடும்பத்தின் வீட்டை நேரில் சென்று பார்க்கவேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் மீது குற்ற வழக்குகள் உண்டா என ஆராயவேண்டும். மாணவரைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் 120 மைல் தொலைவுக்குள் வசிக்கவேண்டும்; அவர் மாதந்தோறும் மாணவருடன் பேசவேண்டும். பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பத்தார் அதற்கெனக் கூலி பெறுவதில்லை. விரும்பியே ஏற்கின்றனர்.

விதிகள் இருந்தாலும் மாணவி ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். ஏதேனும் தவறாகத் தோன்றினால் கூச்சப்படாமல் உடனே பொறுப்பாளரிடமும் பெற்றோரிடமும் சொல்லவேண்டும். வீடு மாற்றிக் கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

இரண்டாவது அச்சம் படிப்பைப் பற்றியது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத் தேர்வு உண்டு. இடையில் ஓராண்டு வெளிநாட்டில் படித்தால், திரும்பியபின் தன்னொத்த மாணவியரைவிட ஒரு வகுப்புப் பின்தங்க நேரலாம். இதை மறைப்பதில் பயனில்லை. புறப்படுமுன்பே தலைமையாசிரியரிடம் கலந்து முடிவு செய்வதே அறிவுடைமை.

புதிய வீடு, புதிய பள்ளி

பரிமாற்ற மாணவி சுற்றுலாப் பயணி அல்லள். விடுதி மாணவியும் அல்லள். அவள் அந்த வீட்டின் மகள். விருந்தாளியைப் போல நாற்காலியில் அமர்ந்திருக்க முடியாது. அமெரிக்க வீடுகளில் பிள்ளைகள் தட்டுகளைக் கழுவுவர். தங்கள் துணிகளைத் தாங்களே துவைக்கும் இயந்திரத்தில் இடுவர். குளிர்காலத்தில் வாசலில் விழுந்த பனியை வாரி ஒதுக்குவர். வீட்டு ஒழுங்குகளும் உண்டு. எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், தொலைபேசியை எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்பனவற்றை முதல் வாரத்திலேயே கேட்டறிவது நலம்.

பள்ளியும் வேறு வகையானது. நம் பள்ளியில் ஆசிரியைகள் வகுப்பு மாறி வருவர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளிலோ மாணவர்கள் ஒவ்வொரு மணிக்கும் அறை மாறிச் செல்வர். அரசுப் பள்ளிகள் பலவற்றில் சீருடை இல்லை. வகுப்பில் கேள்வி கேட்பதும், ஆசிரியரின் கருத்துக்கு மாறாகப் பணிவுடன் பேசுவதும் அங்கே குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆசிரியர் நுழைந்தவுடன் எழுந்து நின்று வணங்கிப் பழகிய நமக்கு இது முதலில் திகைப்பூட்டும்.

மனம் படும் பாடு

ஊர் மாறினால் மனம் தடுமாறும். இதனைக் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கி, 'பண்பாட்டு அதிர்ச்சி' எனக் குறிப்பிட்டார். முதலில் எல்லாம் புதுமையாகவும் இனிமையாகவும் தோன்றும். பின்னர் உணவு பிடிக்காது, பேச்சு புரியாது, காரணமின்றிக் கோபமும் அழுகையும் வரும். அதன்பின் சிறிது சிறிதாகத் தெளிவு பிறக்கும். முடிவில் அவ்வூர் வழக்கங்களும் இயல்பாகிவிடும். இதனை முன்பே அறிந்தவள், இரண்டாம் கட்டத்தில் அழும்போது 'நான் தோற்றுவிட்டேன்' என்று நினைக்கமாட்டாள். 'இதுவும் வழியில் உள்ள ஓர் ஊர்' என்று நினைப்பாள்.

திரும்பி வந்தபின்னும் இத்தகைய தடுமாற்றம் வருவதுண்டு. சொந்த வீடே சில நாள் புதிதாகத் தோன்றும். அப்போது பெற்றோர், "அமெரிக்கா போய்வந்த திமிர்" என்று கடிந்துகொள்ளாமல் சற்றுப் பொறுமை காட்டவேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எதை எடுத்துச் செல்வோம்?

பரிமாற்றம் என்றாலே கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்தது. அமெரிக்கா செல்லும் மாணவர்கள் நவம்பர் மாதத்தில் கொண்டாடப்படும் பன்னாட்டுக் கல்வி வாரத்தின்போது தங்கள் நாட்டைப் பற்றி வகுப்புகளில் உரையாற்றுவர். விண்ணப்பிக்கும்போதே, தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் வரவேற்கும் குடும்பத்துக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் உண்டு. நான் என்ன எழுதுவேன்? என் ஊரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஆகவே ஆயாவிடம் பாடம் கேட்கத் தொடங்கினேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. மழைக்காலம் முடிந்ததும் சேறான பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துவர். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட விடுவர். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். நீரின் செறிவு பாமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டியதும் நாம் உண்ணும் உப்பு பூக்கும். 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். கருவியால் அளப்பதை ஆயா கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். வெள்ளை உப்பின் கூச்சத்தில் அவர் கண் நோவதையும், உவர்நீரில் கால் வெடிப்பதையும் இத்தனை ஆண்டுகள் கண்டும் காணாமல் இருந்தேன்.

இன்னும் அறிந்தேன். சங்க நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் நம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் நம் கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வெளியூரார் வருவதும் தங்குவதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

முடிவுரை

வீட்டில் இப்பேச்சை எடுத்தேன். "ஒரு வருசம் போயிடுமே, படிப்பு என்னாவறது? தெரியாத வீட்டுல எப்படி உடறது?" என்றார் அப்பா. ஆயா சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணையும் ஒரு தாய் நம்பித்தானேடா அனுப்பியிருக்கா?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பத்தாவது பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் பிறகு கூறினார்.

நான் செல்வேனா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு காரியங்கள் இன்றே செய்யலாம். ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் நம் ஊரைப் பற்றித் தயங்காமல் பேசப் பழகலாம். மற்றொன்று, நம் ஊருக்கு வரும் பெண்ணுக்கு நாம் தமக்கையாக இருக்கலாம். எங்கோ ஒரு தாய் தன் மகளை ஓராண்டுக்கு முன்பின் அறியாத வேறொரு தாயிடம் ஒப்படைக்கிறாள். அந்த நம்பிக்கை பொய்க்காத வீடுகள் எல்லா நாட்டிலும் பெருகினால், ஆம்புலன்சு வண்டி ஓட்டியவர்களின் எண்ணம் ஈடேறும்.

அந்தப் பிரேசில் பெண் புறப்படும்போது, ஆயா ஒரு கைப்பிடி உப்பைத் தாளில் மடித்துக் கொடுத்தார். அடுத்த முறை யாரேனும் உப்பு எப்படி வருகிறது என்று கேட்டால், அவர் கையைப் பிடித்து வரப்பில் நானே அழைத்துச் செல்வேன்.

- பத்தாம் வகுப்பு மாணவி