அலாஸ்கா கப்பல் பயணம்: முதலில் பாதை, பிறகு கப்பல்

கோடையில் அமெரிக்காவுக்கு வரும் பெற்றோரை அழைத்துக்கொண்டு அலாஸ்கா கப்பலில் ஒரு வாரம் போய்வருவது அங்கே வேலை பார்க்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தாத்தா பாட்டி அதிகம் நடக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் இருக்கிறது. யாரும் அடுப்படிக்குள் நுழைய வேண்டாம். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் சீசன் அக்டோபர் வரை போகும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் முன்பதிவு செய்ய உட்காரும்போது எல்லாரும் கப்பலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: எத்தனை உணவகம், எத்தனை சறுக்கு, பால்கனி அறை என்ன விலை என்று. பார்க்க வேண்டியது பாதையை. எந்த ஊரில் ஏறுவது, எந்தப் பனியாற்றுக்குப் போவது, இந்த இரண்டும் முடிவான பிறகுதான் கப்பலின் பெயரையே எடுக்க வேண்டும்.

ஏறும் ஊர் பெரும்பாலும் சியாட்டில் அல்லது வான்கூவர். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால் கனடா விசா வேண்டாம் என்ற நினைப்பில் பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் 1886-ல் வந்த ஒரு பயணிகள் கப்பல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல், நடுவில் எந்த வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்கிறது அது. பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாடுகளில் பதிவானவை. அதனால் சியாட்டிலில் கிளம்பும் கப்பல் வழியில் கனடாவைத் தொட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் கடைசி நாள் மாலை விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களைப் பெரிய கப்பல்களுக்கு மூடியபோது அலாஸ்காவின் சீசனே முடங்கிப்போனது. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய பிறகுதான் கப்பல்கள் மறுபடி ஓடின. அந்த விலக்கு இப்போது கிடையாது.

“நாங்க விக்டோரியாவுல இறங்கவே போறதில்லப்பா, எங்களுக்கு எதுக்கு விசா?” என்று பெற்றோர் கேட்பார்கள். இறங்காவிட்டாலும் வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டும் அமெரிக்கச் சுற்றுலா விசாவும் வைத்திருப்பவரிடம் கனடா விசா இல்லையென்றால், சியாட்டில் துறைமுகக் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஹெச்-1பி விசாவில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் இதே கதைதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் கவலையில்லை. திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டியிருப்பதால், பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா, தேதி மீதமிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெற்றோர் ஊரிலிருந்து விமானம் ஏறுமுன்பே கனடா விசாவையும் வாங்கிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அமெரிக்கா வந்த பிறகு விண்ணப்பித்தால் கைரேகைக்கு ஓரிடம், பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்க இன்னோரிடம் என்று விடுமுறை முழுக்க அந்தக் கவலையிலேயே கரைந்துவிடும். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் கைரேகை கேட்பதில்லை. மற்றவர்கள் ஒருமுறை கொடுத்தால் பத்து ஆண்டு செல்லும். கப்பல் கட்டணத்தின் கடைசித் தவணை பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்னால் வரும். விசா அதற்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

எப்படியும் கனடா விசா எடுத்தாயிற்று என்றால், வான்கூவரில் ஏறுவதே மேல். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் போகின்றன, அலை தூக்கிப்போடும். வான்கூவர் கப்பல்கள் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நீர்வழியில் போவதால் ஆட்டம் குறைவு, இருபுறமும் காடு. வாந்தி வரும் என்று பயப்படும் பாட்டிகளுக்கு மாத்திரையைவிட இந்தப் பாதைதான் மருந்து. வழியில் சீமோர் நேரோஸ் என்ற குறுகலான இடம் வரும். அங்கே நீருக்கடியில் இருந்த ஒரு பாறை எத்தனையோ கப்பல்களைக் காவு வாங்கியது. 1958 ஏப்ரல் 5 அன்று அதைக் குடைந்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீரோட்டம் இன்றும் கடுமையாக இருப்பதால், அது தணியும் நேரம் பார்த்தே கப்பல்கள் அந்த இடத்தைக் கடக்கின்றன.

அடுத்தது பனியாறு. வாய்ப்பிருந்தால் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகும் பயணத்தையே எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதியில்லை என்பதால் எல்லாப் பயணமும் உள்ளே போகாது. ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் நிறுவனங்களின் பல பயணங்கள் போகின்றன. தேதியோடு சேர்த்து கிளேசியர் பே என்ற பெயர் பயணத்திட்டத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. 1750 வாக்கில் இந்த விரிகுடா முழுவதும் ஒரே பனிக்கட்டி. ஹூனா டிலிங்கிட் பழங்குடியினர் முன்னேறி வந்த பனிக்கு ஊரை விட்டுக்கொடுத்து வெளியேறினார்கள். இயற்கையியலாளர் ஜான் மியூர் 1879-ல் வந்து பார்த்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. கிளேசியர் பே கிடைக்காதவர்களுக்கு ஹப்பர்ட் பனியாறு இருக்கிறது. நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். மற்றவை சுருங்கும் காலத்தில் இது முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

கிளேசியர் பே நாளில் காலையிலேயே பூங்கா வனக்காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிவிடுவார்கள். ஒலிபெருக்கியில் விளக்கமும் சொல்வார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே எந்தப் பக்கத்து அறை என்று சண்டை வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பினால், பனியாற்றிலிருந்து உடைந்த கட்டி ஏற்கெனவே கடலில் விழுந்திருக்கும். ஒலி பிந்தித்தான் வரும். பொடிப்பொடியாக உதிரத் தொடங்கிய ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அங்கேயே பார்க்க வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். தாத்தா பாட்டிக்கு மட்டும் ஒரு பால்கனி அறை எடுத்தால் போதும். மற்றவர்களுக்கு மேல்தளமே வசதி.

துணி விஷயத்தில் ஒரே பெரிய கம்பளிக் கோட்டு வேண்டாம். ஜூலையில், கப்பல் நிற்கும் ஜூனோவில் பகல் வெப்பம் 17, 18 டிகிரி இருக்கும், பனியாற்றின் முன்னால் காற்று அறுக்கும். மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே மழை நனைக்காத ஜாக்கெட், காதை மூடும் குல்லாய். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொரு துறைமுகமான கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது, சென்னையில் பெய்வதைப்போல இரண்டரை மடங்கு. அந்தக் காற்றில் குடை நிற்காது. மழை குறைவு வேண்டுமென்றால் மே மாதம். ஆற்றில் ஏறும் சால்மன் மீனைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட்.

கரைச் சுற்றுலாக்களை எல்லா ஊரிலும் வாங்க வேண்டியதில்லை. ஜூனோவில் திமிங்கிலப் படகு, ஸ்காக்வேயில் ரயில், இந்த இரண்டும் போதும். தங்க வேட்டைக் காலத்தில், 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த மலைப்பாதை ரயில் அது. சுமார் 32 கிலோமீட்டரில் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. உச்சியில் இருக்கையின் முதுகைப் புரட்டிப் போட்டுப் பயணிகளைப் பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள், ஜன்னலுக்குப் போட்டி வேண்டாம். உச்சிவரை போய் இறங்காமல் திரும்பும் பயணமே வயதானவர்களுக்கு நல்லது. எல்லை தாண்டிக் கனடாவுக்குள் இறங்கும் ரயில் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வேண்டும். வெளியாரிடம் சுற்றுலா வாங்கினால் நேரம் தவறும்போது கப்பல் காத்திருக்காது. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, செல்பேசி காட்டும் நேரமும் குழப்பும். கப்பலின் கடிகாரப்படி நடப்பதுதான் பாதுகாப்பு.

சைவ உணவுக்கு முன்பதிவின்போதே சொல்லி, முதல் நாள் இரவு உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் மறுபடி சொல்ல வேண்டும். பல கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் உண்டு. முன்கூட்டிச் சொன்னால் பருப்பும் காய்கறியும் செய்து தருவார்கள். ஊறுகாய் பாட்டிலை நம்பிக்கொண்டு போக வேண்டியதில்லை.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள். பாஸ்போர்ட், தாத்தாவின் மாத்திரைகள், மறுநாள் உடுத்தும் துணி மூன்றையும் அதற்கு முன்பே கைப்பையில் எடுத்துவைத்துவிட வேண்டும். திரும்பும் விமானம் மதியம் ஒரு மணிக்கு முன்னால் வேண்டாம்.