சொறிச்செடிகளும் ஹெர்பேரியச் சீட்டும்

காஞ்சொறி என்றால் கிராமத்தார் யாவரும் அறிவர். வேலியிலும் புதரிலும் படர்ந்து, உடம்பிற் பட்ட மாத்திரத்தில் தினவும் எரிச்சலும் உண்டாக்கும் கொடி அது. செந்தட்டி என்பாரும் உளர். தாவர சாஸ்திரிகள் இதனை ட்ராகியா இன்வாலுக்ரேட்டா என்பர். ஆயினும் இது சொறிச்செடிக் குடும்பமாகிய அர்ட்டிக்கேசியைச் சேர்ந்ததன்று, ஆமணக்கின் குடும்பத்தது. நீலகிரி முதலிய மலைகளில் ஆளுயரம் ஓங்கி வளரும் ஜிரார்டினியாவே மெய்யான அர்ட்டிக்கேசி இனமாம். இரண்டும் சுணையால் வருத்துவன ஆதலின் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிது. ஆனால் நாட்டு வைத்தியர் வேரை நாடுவது காஞ்சொறியில். நேபாள மலைவாசிகள் அல்லோ என்று பெயரிட்டு நூற்று நெய்யும் பட்டைநார் ஜிரார்டினியாவினது. பெயர் மாறி எழுதப்பட்ட ஒரு சீட்டு, மருந்து தேடுவோனையும் நார் தேடுவோனையும் ஒருங்கே வழி தவறச் செய்யும்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது காய். காஞ்சொறியின் காய் மும்மூலையாய் அமைந்து முதிர்ந்ததும் வெடிக்கும். ஜிரார்டினியாவின் காயோ ஒற்றை விதையுடையதாய்த் தட்டையாய் வெடியாதிருக்கும். ஆகையால் இலையும் தண்டும் மாத்திரம் ஒட்டிய தாள் அரைத் தாளே. இக்குடும்பத்தில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றுவதாலும், அவை மிகச் சிறியனவாதலாலும், இருவகைப் பூங்கொத்துகளையும் தவறாது சேர்த்தல் வேண்டும்.

அழுத்தி உலர்த்திய செடி தன் உயரத்தையும் நிறத்தையும் இழந்துவிடுகிறது. இழந்தவற்றைக் காப்பது சீட்டு ஒன்றே. சேகரித்த இடம், கடல் மட்டத்துக்கு மேல் உயரம், தேதி, நிலத்தின் இயல்பு, செடியின் வளர்ச்சி, அவ்வூர் வழங்கும் பெயர், சேகரித்தவர் பெயர், அவரது வரிசை எண் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுக. வீடு சென்று நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாலும் பொய்யாய் முடியும்.

சென்னை ஹெர்பேரியம் 1909-ஆம் ஆண்டு கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. அத்தகைய பழைய தொகுதிகளைப் புரட்டும் மாணாக்கன், சொறிச்செடிக் கட்டில் பலாவும் ஆலும் முசுக்கட்டையும் கிடக்கக் கண்டு நகைத்தல் கூடும். பிழை அன்று அது. பெந்தாம், ஹூக்கர் என்னும் இருவரும் வகுத்த முறையில் இவையெல்லாம் அர்ட்டிக்கேசியுள் அடங்கின. பின்னரே மோரேசி எனத் தனிக் குடும்பமாயின. பெயர்களும் அவ்வாறே மாறின. ராமி என்னும் சீனநார்ச் செடியை 1753-இல் லின்னேயஸ் அர்ட்டிக்கா நிவியா என்றார். இப்போது அது போமேரியா நிவியா. அதற்குக் கொட்டும் சுணையே கிடையாது என்பதும் அறியத்தக்கது. பழஞ் சீட்டில் ஜிரார்டினியா ஹெட்டிரோபில்லா என்றிருப்பின் இன்றைய டைவர்சிபோலியா என்று கொள்க.

புதுப்பெயர் கண்டவர் பழைய சீட்டைக் கிழித்தலும் அதன்மேல் ஒட்டுதலும் தகா. வேறொரு சிறு சீட்டில் புதுப்பெயரையும் தம் பெயரையும் ஆண்டையும் எழுதித் தாளின் ஓரத்தில் ஒட்டுதலே முறை. பின்வருவோர் இரண்டையும் ஒப்பிட்டுத் தாமே தீர்மானிப்பர்.

சுணையின் நுனி கண்ணாடி போன்ற மணற்சத்தால் ஆனது. தொட்டதும் முறிந்து உள்ளிருக்கும் நீரைத் தோலிற் செலுத்தும். செடி காய்ந்தால் தீங்கில்லை என நினைப்பது தவறு. ஆஸ்திரேலியாவிலுள்ள டெண்ட்ரோக்னைடு என்னும் மரவகையின் உலர்ந்த மாதிரிகள் பல்லாண்டு கழிந்தும் கொட்டுவனவாம். ஆதலால் இக்கட்டுகளை அவிழ்ப்பவர் இடுக்கி கொண்டு தாளைப் புரட்டுக. உதிர்ந்த தூசியை வாயால் ஊதாதிருக்க.