மார்பில் பால் கட்டினால்

தாய்மார்களே, பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரத்திலும், திரும்ப மலைக்குப் போகத் தொடங்கும் நாட்களிலும் இதைக் கவனியுங்கள். திடீரென்று குளிர் நடுக்கம், உடம்பு உளைச்சல், காய்ச்சல் வரும். "மழையில நனைஞ்சது" என்று கொத்தமல்லி குடித்துவிட்டு லயத்தில் படுத்துவிடுகிறோம். அப்போது மார்பைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஓரிடம் மட்டும் இறுகி, சுட்டு, வலிக்கும். சிவந்துமிருக்கும், கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது, சூட்டை வைத்தே அறிய வேண்டும்.

பால் தேங்குவது, காம்பு வெடிப்பது, உள்சட்டை இறுகுவது ஆகியவற்றால் இது வரும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. கங்காணியிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

"கெட்ட பால்" என்று அந்தப் பக்கம் கொடுக்காமல் விடுவதுதான் பெரிய பிழை. அந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதியில்லை, தொடர்ந்து கொடுங்கள். வலி தாங்காவிட்டால் கையால் மெதுவாகப் பீய்ச்சி எடுங்கள். போட்டுப் பிசைந்தால் வீக்கம் கூடும். பால் கொடுத்த பின் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். மலைக் குளிரில் இதை யார் கேட்பார்கள் என்று தெரியும். ஆனாலும் வீக்கத்துக்கு அதுதான் நல்லது. வலிக்குப் பனடோல் போடலாம்.

ஒரு நாளில் குறையாவிட்டால் தோட்ட மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது மருத்துவிச்சியிடம் காட்டுங்கள். தரும் மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுவதும் குடிக்க வேண்டும். கட்டி பழுத்து மெத்தென்றாகிவிட்டால், அல்லது காம்பில் சீழ் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.